ஊசி இல்லாத வாட்ச்

— அடுப்புல மீன் கொதிக்குதுன்னு எத்தனை தடவை சொல்றது? நீங்க பாத்துக்கிட்டு இருங்க, நான் வர்றேன்.

— நீ இல்லாம நான் என்னத்தப் பாக்க? அந்த வாட்ச் கம்பெனிக்காரன் இங்கிலீஷ்ல பேசுவான். நான் ஜங்க்லிகாட் ஷெட்டுல போட் எஞ்சினக் கழட்டி மாட்டுதவன். நீதான் கப்பல் டிக்கெட் கவுண்டர்ல உக்காந்து நாலு பாஷ பேசுத. அடுப்ப அணைச்சிட்டு வா உமா.

— அணைச்சா கொழம்பு பச்சை வாடை அடிக்கும். பரவால்லையா?

— அப்படியே திங்கேன். வா.

— அரே, என்னங்க இது! போனை எதுக்கு ஜன்னல் கம்பியில கட்டித் தொங்க விட்டிருக்கீங்க? அதுவும் சுஜிதாவோட துப்பட்டாவுல?

— அந்த மூலையிலதான் நெட்டு வருது. அந்தமான்ல, அதுவும் நம்ம கராச்சர்மாவுல, நெட்டு எப்படின்னு உனக்குத் தெரியாததா? மழை வேற கறுத்துக்கிட்டு வருது. சுஜிகிட்ட சொல்லிராத, மெட்ராஸ் காலேஜ்ல இருந்தே சண்டைக்கு வருவா. இன்னா, நாற்காலி. உக்காரு. லாஞ்சுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் கெடக்கு.

— இம்புட்டுப் பரபரப்பா உங்களைப் பாத்ததே இல்ல. பொண்ணு பொறந்தப்பகூட ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து வடை தின்னுக்கிட்டுதான் இருந்தீங்க.

— அது பயத்துல தின்னது. கல்யாணத்துக்கு முன்னால இருந்தே லாஞ்சுக்கு எஞ்சின் பாக்குதேன், கேட்டியா. எந்த லாஞ்சுக்கும் நெஞ்சு இப்படி அடிச்சதில்ல.

— இது கடல்ல ஓடுற லாஞ்ச் இல்ல சாமி. மேடையில நின்னு வாட்ச்சைத் தூக்கிக் காட்டுவானே, அந்த லாஞ்ச்.

— ரெண்டும் ஒண்ணுதான். தண்ணியில இறக்குனாத்தான் ஓட்டையா இல்லையான்னு தெரியும்.

— அதைத்தான் நானும் சொல்றேன். முழுசா நம்பிடாதீங்க. போன வருஷம் அபர்தீன் பஜார்ல ஒண்ணு வாங்கிட்டு வந்தீங்களே, நாடித்துடிப்பு, பிரஷர், எல்லாம் காட்டும்னு. அதைக் கழட்டிப் பப்பாளியில கட்டிப் பாத்தேன். எழுபத்திரெண்டுன்னு காட்டுச்சு.

— அது நல்ல ஆரோக்கியமான பப்பாளி.

— சிரிக்காதீங்க. அந்தப் பப்பாளியை ரெண்டு பேரும் சேந்துதான் தின்னோம்.

— அது டூப்ளிகேட்டுட்டி. இது பெரிய கம்பெனி. எத்தன மாசமா இதுக்குன்னே உக்காந்து வீடியோ பாக்குதேன். ஊசி கிடையாது, ரத்தம் கிடையாது. மணிக்கட்டுல கட்டுனாப் போதும். அடியில ஒரு வெளிச்சம் அடிக்கும். அது தோலுக்குள்ள போயிட்டு வந்து சுகர் இவ்வளவுன்னு சொல்லிரும். ராத்திரி நீ தூங்கும்போது லோ ஆச்சுன்னு வையி, என் போன்ல மணி அடிச்சிரும்.

— அந்த வீடியோவுல எல்லாம் "வருது"ன்னு சொல்றாங்களா, "வரலாம்"னு சொல்றாங்களா?

— "வரலாம்"ங்கான். ஆனா சிரிச்சுக்கிட்டே சொல்லுதான். உள்ள இருந்து யாரோ சொல்லாம அப்படிச் சிரிக்க மாட்டான்.

— எனக்குப் பதினாலு வயசுல சுகர் வந்துச்சு. ஊசி போட்டுட்டு டாக்டர் என்ன சொன்னாரு தெரியுமா? அழாதம்மா, இன்னும் அஞ்சு வருஷத்துல ஊசியே இருக்காதுன்னு. இப்ப நம்ம பொண்ணு காலேஜுக்குப் போயிட்டா. அவரு சொன்ன அஞ்சு வருஷம் இன்னும் முடியல.

— அதுக்குத்தான் இன்னைக்கு முடியுதுங்கேன். உன் விரல் நுனியைத் தொட்டா எனக்கு எப்படி இருக்கு தெரியுமா? வலை பின்னுத கிழவன் கை மாதிரி காய்ச்சுப்போய்க் கெடக்கு.

— இந்தக் கையைப் புடிச்சுக்கிட்டுத்தானே ரெண்டு வீட்டையும் எதுத்துக்கிட்டு வந்தீங்க. அப்பவும் காய்ச்சுத்தான் இருந்துச்சு.

— அப்ப எனக்கு இருவத்தஞ்சு வயசு. ஒண்ணும் உறைக்கல. இப்ப உறைக்கி.

— கையில ஒட்டுற சென்சாருக்கும் இப்படித்தான் குதிச்சீங்க. மெயின்லேண்ட்ல இருந்து வரவழைச்சு ஒட்டுனா, இங்க அடிக்கிற வேர்வைக்கு ரெண்டு நாள் நிக்கல. தோல் தடிச்சு வீங்குனதுதான் மிச்சம்.

— வாட்ச்ச ஒட்ட வேண்டாம்லா. கட்டுததுதானே?

— கட்டுனாலும் அடியில வேர்க்கும்ல?

— நீ ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஓட்டை கண்டுபிடிப்ப. இன்னைக்கு நீ என்ன சொன்னாலும் நான் விடப்போறதில்ல. நாம பேசி வச்சது ஞாபகம் இருக்குல்ல? வாட்ச்ல சுகர் இருந்தா நீ அந்த வடகோடி திக்லிபூர் வேலைக்குப் போவலாம். இல்லன்னா போவப்பிடாது.

— நாம பேசி வைக்கல. நீங்க பேசுனீங்க.

— நீ தலையாட்டுன!

— வாயில ஹேர்பின் கடிச்சுக்கிட்டுத் தலை பின்னிக்கிட்டு இருந்தேன். வேற எப்படிப் பதில் சொல்றது?

— அப்ப உனக்கு அந்த வேலை வேணுந்தானா?

— வேணும்ங்க. பதினெட்டு வருஷமா அந்தக் கவுண்டருக்குள்ள உக்காந்து, கம்பிக்கு வெளிய நிக்கிறவங்ககிட்ட "டிக்கெட் கதம், டிக்கெட் கதம்"னு சொல்லியே தொண்டை வத்திப்போச்சு. டிக்கெட் இல்லன்னு சொல்ற வாயி எப்படி இருக்கும்னு யாருக்கும் தெரியாது. கையில கைக்குழந்தையோட நிப்பாங்க, ஆபரேஷன் பண்ணின ஆளைக் கூட்டிக்கிட்டு நிப்பாங்க. நான் "கதம்"னு சொல்லணும். திக்லிபூர்ல இன்சார்ஜா உக்காந்தா, நோயாளிக்குன்னு சில சீட்டை முன்கூட்டியே ஒதுக்கிவைக்க என்னால முடியும். எங்க ஆபீசர் ஜெகநாதன் சார் அதுக்குத்தான் என் பேரைச் சொன்னாரு.

— ஜெகநாதன் சார் நல்லா சொல்லுவாரு. ராத்திரி அவரா உன் பக்கத்துல முழிச்சிருக்கப் போறாரு? அங்க நமக்கு யாரு இருக்கா? குவார்ட்டர்ஸ்ல ஒத்தையில படுத்திருப்ப. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போவக்கூட ஆள் கிடையாது. அங்க இருந்து எனக்குத் தகவல் வந்து, நான் பஸ்ஸப் புடிச்சு, அந்த வழியெல்லாம் தாண்டி வாரதுக்குள்ள... சவத்த விடு, ஆரம்பிச்சிட்டான்! இன்னா வந்துட்டான் பாரு! என்ன சொல்லுதான்?

— வணக்கம் சொல்றான்.

— அது எனக்கே தெரியும்.

— இருங்க. முன்னாடி வந்ததைவிட மெலிசா இருக்காம். பட்டை புதுசா மூணு கலர்ல வருதாம்.

— கலர் யாருக்கு வேணும்? சுகரச் சொல்லச் சொல்லு.

— நான் சொன்னா அவனுக்குக் கேக்குமா? வெயில்லயும் நல்லாத் தெரியுமாம். தண்ணிக்கடியில ரொம்ப ஆழம்வரைக்கும் தாங்குமாம்.

— அது நல்லதுதான். எஞ்சின் பாக்கும்போது கழட்டிவைக்க வேண்டாம். ஆனா நானா கட்டப்போறேன்?

— மலையேறுறவங்களுக்கு எம்புட்டு உயரம்னு சொல்லுமாம். அந்தம்மா மலையில ஓடுது பாருங்க. எவ்வளவு அழகா ஓடுது.

— மூச்சே வாங்கல அதுக்கு. நம்ம மரைன் ஹில் ஏத்தத்துல ஓடச் சொல்லணும். அடுத்து என்ன?

— தூக்கம். எவ்வளவு நேரம் ஆழ்ந்து தூங்குனோம்னு காட்டுமாம்.

— உடம்புப் பக்கம் வந்துட்டான்லா! தூக்கத்துக்குப் பின்னால நெஞ்சு வரும். அதுக்குப் பின்னால ரத்தம். நான் சொன்னேம்லா, வரிசையா வாரான் பாரு.

— ஆமா, நெஞ்சுக்கு வந்துட்டான். துடிப்பு தாறுமாறா ஓடுனா எச்சரிக்குமாம்.

— மாதாவே... அடுத்தது... அடுத்தது... ஏ! என்னாச்சு? ஏன் சுத்துது?

— நெட்டு போயிருச்சு.

— இப்பவா போகணும்? மழை இன்னும் பெய்யவே இல்லையே! துப்பட்டாவ மேல தூக்கிக் கட்டணும். நான் ஸ்டூல்ல ஏறுதேன். நீ புடி.

— விழுந்து வைக்காதீங்க. இந்த உடம்பைத் தூக்க என்னால ஆகாது.

— இப்ப வருதா?

— இல்ல. இன்னும் கொஞ்சம் வெளிய நீட்டுங்க. போன் தெருவுல விழுந்திடாம.

— இப்ப?

— வந்துருச்சு! வந்துருச்சு! அப்படியே நில்லுங்க. அசையாதீங்க.

— என்ன சொல்லுதான்? ஏட்டி... குளுக்கோஸ்னான்! என் காதுல விழுந்துச்சு! குளுக்கோஸ்னு சொன்னாம்லா?

— ஆமா... சொன்னான்.

— உமா! நான் சொன்னேன்லா! நான் சொன்னேன்லா உனக்கு!

— இருங்க. பேச விடுங்க அவனை.

— என்னங்கான்?

— போனை ஆட்டாதீங்க.

— உமா, என்னங்கான்?

— கீழ இறங்குங்க முதல்ல.

— சொல்லு.

— ரத்தத்துல குளுக்கோஸை ஊசியில்லாம அளக்குறதுக்கு ஆராய்ச்சி நடந்துக்கிட்டு இருக்காம். அது அவங்க மனசுக்கு நெருக்கமான விஷயமாம். நேரம் வரும்போது சொல்லுவாங்களாம்.

— இந்த வாட்ச்ல?

— இதுல இல்ல.

— நீ சரியாக் கேக்கல. திரும்ப ஓட்டு.

— நல்லாத்தான் கேட்டேன்.

— திரும்ப ஓட்டுட்டி. நடுவுல நெட்டு போச்சுலா, அந்த நேரத்துல சொல்லியிருப்பான்.

— சரி, ஓட்டுறேன். வாங்க, பக்கத்துல உக்காருங்க. இந்தா... தூக்கம்... நெஞ்சு... இங்கதான் போச்சு. இப்ப கேளுங்க. "நேரம் வரும்போது." அடுத்தது பேட்டரிக்குப் போயிட்டான். அம்புட்டுத்தான்.

— நேரம் எப்ப வருமாம்?

— அதை அவன் சொல்லல.

— மனசுக்கு நெருக்கமாம்! இவன் மனசுக்கு நெருக்கமா இருந்து யாருக்கு என்ன லாபம்? மேடையில நின்னு கலர் காட்டுதான் கலரு!

— விடுங்க. அவன் என்ன பண்ணுவான், பாவம். வரும்னு அவன் நமக்குச் சத்தியம் பண்ணினானா? என்னங்க... இங்க பாருங்க. அழறீங்களா?

— மொளகா நெடி.

— அடுப்பை அணைச்சு எம்புட்டு நேரம் ஆச்சு!

— சுகர் இறங்குன அன்னைக்கு நீ உன்னைப் பாக்கல உமா. நான்தான் பாத்தேன். பீட்டரோட போட்டைச் சோதனை ஓட்டம் பாக்கணும்னு விடியுமுன்ன எந்திரிச்சேன். லைட்டப் போட்டா உன் தலகாணி நனைஞ்சு கெடக்கு. கூரை ஒழுகுதோன்னு மேல பாத்தேன். மேல காஞ்சு கெடக்கு. எல்லாம் உன் வேர்வை. உமா, உமான்னு உலுக்குதேன். கண்ணு திறந்திருக்கு, ஆளத் தெரியல. என் மூஞ்சியப் பாத்து "டிக்கெட் கதம்"னு சொல்லுத. கட்டுன புருசனப் பாத்து! சமையக்கட்டுல சர்க்கர டப்பாவக் காணும். தேன் பாட்டில்தான் அகப்பட்டுச்சு. உன் ஈறுல தடவிக்கிட்டே இருந்தேன். எந்தப் புனிதரையும் விடல, எல்லாரையும் கூப்பிட்டேன். உங்க முருகனையும் கூப்பிட்டேன்.

— தெரியும். எனக்கு நெனவு திரும்பும்போது நீங்க முருகான்னு கத்திக்கிட்டு இருந்தீங்க. செத்துத்தான் போயிட்டோமோன்னு நெனச்சேன்.

— சிரிக்காத. அப்புறம் ஒரு வாரம் படுக்கையில எறும்பு. எனக்கு அது கடிச்சா வலிக்கல, கேட்டியா. நீ இருக்கல்லா, அதுனால. இப்பச் சொல்லு, உன்ன எப்படி நான் தனியா அனுப்புவேன்? இங்க நான் இருக்கேன். ராத்திரி அலாரம் வச்சு எந்திரிச்சு உன் விரல்ல குத்திப் பாத்துட்டுப் படுக்கேன். அங்க யாரு குத்துவா? நீ போவப்பிடாது. வாட்ச்ல வராதது வராததுதான். பேச்சு முடிஞ்சுது.

— நேத்து ராத்திரி எனக்குச் சுகர் எவ்வளவு இருந்துச்சு?

— நூத்தி இருவத்தெட்டு.

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— காலைல நீதான சொன்ன.

— நான்தான் சொன்னேன்.

— ஆமா. நான் அரைத் தூக்கத்துல குத்துததால நம்பர் மறந்துபோவுது. நீ சொல்லுத.

— முந்தாநாள்?

— அதுவும் நீதான்... ஏட்டி, என்ன கேக்க வார?

— கோவப்பட மாட்டீங்களே?

— சொல்லு.

— ஆரம்பத்துல ரெண்டு வாரம் நீங்க எந்திரிச்சீங்க. நெசமாவே எந்திரிச்சீங்க. கண்ணு செவந்து, தூக்கக் கலக்கத்துல என் விரலுக்குப் பதிலா உங்க விரல்லயே ஒரு தடவை குத்திக்கிட்டீங்க. அப்புறம் மீன்பிடிச் சீசன் தொடங்கிருச்சு. ஷெட்டுல வேலை குமிஞ்சிருச்சு. வந்து விழுந்தா கட்டை மாதிரி தூங்குவீங்க. அலாரம் அடிக்கும், நீங்க அசைய மாட்டீங்க. எனக்குத்தான் முழிப்பு வரும். நானே குத்திப் பாத்துக்குவேன். அலாரத்தை அணைச்சிட்டு, உங்களுக்குப் போர்வையை இழுத்து விட்டுட்டுப் படுத்துக்குவேன்.

— எத்தன நாள் இப்படி?

— அதுக்கப்புறம் எல்லா நாளும்.

— ஒரு நாள்கூட நான்...?

— ஒரு நாள் எந்திரிச்சு உக்காந்தீங்க, ஷெட்டுல கூட வேலை பாக்குறவர்கிட்ட பேசுற மாதிரி. "நாகராஜ், ஸ்பேனர எடு"ன்னு சொல்லிட்டு மறுபடி படுத்துட்டீங்க.

— சேசுவே! அடுத்த நாளே சொல்லியிருக்கலாம்லாட்டி!

— எப்படிச் சொல்றது? காலையில எந்திரிச்சதும் "நான் இல்லன்னா உன் கதை என்னாவும்"னு கேட்டுக்கிட்டே பல்லு வெளக்குவீங்க. அந்த மொகத்துல அம்புட்டுச் சந்தோஷம். அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல. நீங்க குத்துன மாதிரியே நம்பரைச் சொல்லிட்டுப் போயிடுவேன்.

— ஊரெல்லாம் சொல்லிவச்சிருக்கேனே. கோயில்ல ஃபாதர்கிட்டகூடச் சொல்லியிருக்கேன். அவரு என்னைப் பாத்து, கிளமெண்ட் மாதிரி புருசன் வேணும்னு மத்த பொம்பளைங்களுக்குச் சொன்னாரு.

— தப்பா ஒண்ணும் சொல்லலையே அவரு.

— கேலி பண்ணாத. அப்போ இத்தன நாளும் உன்னை யாருமே பாத்துக்கல. நீயா தப்பிச்சு வந்திருக்க.

— அப்படி இல்லங்க. அன்னைக்கு விடியக்காலையில நீங்க இல்லன்னா நான் இல்ல. அது வேற கணக்கு. அதுக்கப்புறம்தான் டாக்டரம்மா ராத்திரி ஊசியைக் குறைச்சாங்க. படுக்கும்போது சுகரைப் பாத்து, குறைச்சலா இருந்தா கொஞ்சம் தின்னுட்டுப் படுக்கச் சொன்னாங்க. அன்னையில இருந்து ஒரு தடவையும் அப்படி இறங்கல. உடம்பு சொல்றது எனக்கு இப்ப நல்லாக் கேக்குது. என்னால பாத்துக்க முடியும்.

— அப்ப நீ போவத்தான் போற.

— நேத்தே சம்மதம்னு எழுதிக் குடுத்துட்டேன்.

— லாஞ்சப் பாக்காமலேயா?

— வாட்ச்ல இருந்தாலும் இல்லாட்டியும் போறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

— அப்புறம் எதுக்குட்டி அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்த? எதுக்கு ஸ்டூலப் புடிச்ச?

— நீங்க கூப்பிட்டீங்க. வந்தேன். அதுவும் இல்லாம... அவன் குளுக்கோஸ்னு சொன்னான்ல? அந்த ஒரு நிமிஷம் எனக்கும் கை சில்லுன்னு ஆயிருச்சுங்க. பதினாலு வயசுப் பிள்ளை மாதிரி. நம்பலன்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஆனா ஆசை இல்லாம இருக்குமா?

— வா இங்கிட்டு. அழாத. அவன் நேரம் வரும்போது வரட்டும். வராட்டிப் போறான்.

— நான் அழல. மொளகா நெடி.

— ஆமா ஆமா. சரி, எப்ப கப்பல்?

— வியாழக்கிழமை.

— ஜெட்டிக்கு வந்து பெட்டிய ஏத்தி விடுதேன். அங்க போய் இறங்குன உடனே போன் பண்ணு. ராத்திரி படுக்கும்போதும் நம்பரச் சொல்லு. நான் இங்க இருந்து கேட்டுக்கிடுதேன். ஷெட்டும் வீடும்தானே, ஓட்டிக்கிடுவேன். சமையல்தான் யோசன. நாகராஜ் வீட்டுல சொல்லி வச்சா...

— நாகராஜ்கிட்ட நான் பேசிட்டேன்.

— சாப்பாட்டுக்கா?

— ஷெட்டுக்கு. அவரு பாத்துக்குறாராம். திக்லிபூர்ல ஏரியல் பே ஜெட்டியில இருக்குற போட்டுக்கெல்லாம் எஞ்சின் கெட்டா இங்கதான் ஆள் அனுப்புறாங்களாம். அங்கயே ஒருத்தர் இருந்தா கையெடுத்துக் கும்பிடுவாங்கன்னு அவருதான் சொன்னாரு.

— எவன் அங்க போயி இருப்பான்?

— வியாழக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் போட்டிருக்கேன்.

— எதுக்கு ரெண்டு? நான்தான் அலாரம் அடிச்சாலும் எந்திரிக்காதவன். உன்னையும் நீயே பாத்துக்கிடுத. அங்க நான் எந்தக் காவலுக்குட்டி?

— காவலுக்கு யாரு கூப்பிட்டா? சும்மா வாங்க.